சாய்வு சரி, கோடு எங்கே?

பன்னிரண்டாம் வகுப்பு அலகுத் தேர்வு ஒன்றில் இப்படி ஒரு வினா கேட்டிருந்தேன்: ஒய் = சைன் எக்ஸ் என்ற வளைவரைக்கு, எக்ஸ் = பை/3 என்னும் இடத்தில் தொடுகோட்டின் சமன்பாட்டைக் காண்க.

எளிய வினாதான். சைன் எக்ஸ்-இன் வகைக்கெழு காஸ் எக்ஸ். பை/3-இல் அதன் மதிப்பு 1/2. தொடும் புள்ளியின் உயரம் √3/2. புள்ளி-சாய்வு வடிவத்தில் போட்டால் விடை வந்துவிடும்:

ஒய் − √3/2 = 1/2 (எக்ஸ் − பை/3)

பெரும்பாலோர் சரியாக எழுதியிருந்தார்கள். ஏழெட்டுப் பேர் மட்டும் கடைசி வரியில் பை/3-ஐ மாற்றி, ஒய் − √3/2 = 1/2 (எக்ஸ் − 60) என்று முடித்திருந்தார்கள். இதற்கு முந்தைய ஆண்டுகளிலும் இதைப் பார்த்திருக்கிறேன். சிவப்பு மையில் 60-ஐ வட்டமிட்டு, அரை மதிப்பெண் குறைத்துவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விடுவேன். வழிமுறை சரி, சாய்வு சரி, ஏதோ கைத்தவறு என்பதுதான் என் எண்ணம். இந்த முறை தாள்களைத் திருப்பிக் கொடுத்தபோது ஒரு மாணவி எழுந்து நின்றாள். "பை/3-ம் 60-ம் ஒண்ணுதானே சார்? போன வருஷம் நீங்கதான் சொன்னீங்க" என்றாள்.

சொன்னேன்தான். "பை என்றால் 180" என்று பதினொன்றாம் வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. மனப்பாடம் செய்ய வசதியான வாக்கியம் அது. ஆனால் பை என்பது 3.14 சொச்சம், எந்த வகுப்பிலும் அது 180 ஆகாது. பை ரேடியன் என்பதுதான் 180 பாகை. 'ரேடியன்', 'பாகை' என்ற இரண்டு சொற்களையும் நேரம் மிச்சப்படுத்த நான் விழுங்கியதன் விளைவு அந்த ஏழெட்டுத் தாள்களில் இருந்தது.

அப்போது நான் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. "உன் கோட்டில் எக்ஸ்-க்கு 61 போட்டுப் பார்" என்றேன். அவள் கரும்பலகைக்கு வந்து போட்டாள். 0.866 கூட்டல் 1/2 பெருக்கல் 1. விடை 1.366.

"60 பாகைக்கு சைன் 0.866. 61 பாகைக்கு 1.366-ஆ?" என்று கேட்டேன். பின் வரிசையிலிருந்து ஒரு குரல்: "சைன் ஒன்னைத் தாண்டாதே சார்!"

ஒரே ஒரு பாகை நகர்ந்ததற்குள் தொடுகோடு வளைவரையை விட்டு அரை அலகு மேலே போய்விட்டது. தொடுகோடு என்றால் தொடும் புள்ளிக்கு மிக அருகில் வளைவரையோடு ஒட்டிச் செல்ல வேண்டாமா? அடுத்து, சரியான கோட்டைச் சோதித்தோம். ஒரு பாகை என்பது 0.01745 ரேடியன். அதில் பாதி 0.0087. அதை 0.8660-உடன் கூட்டினால் 0.8747. அட்டவணையில் சைன் 61 பாகை 0.8746. அவள் எதுவும் பேசாமல் தன் தாளில் இருந்த 60-ஐத் தானே அடித்துவிட்டு உட்கார்ந்தாள்.

அன்றிலிருந்து தொடுகோட்டுக் கணக்கு எதுவானாலும், சமன்பாட்டோடு நிறுத்தாமல் பக்கத்து மதிப்பு ஒன்றைப் போட்டுப் பார்ப்பது எங்கள் வகுப்பில் வழக்கமாகிவிட்டது. பாடநூலில் தொடுகோடு ஓரிடத்திலும் நேரியல் தோராயம் வேறோர் அத்தியாயத்திலும் வருவதால், இரண்டும் ஒன்றே என்பது பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. தொடுகோட்டின் பயனே தோராய மதிப்பு காண்பதுதான். அந்தப் பயனைத் தள்ளிப் போட்டால், சமன்பாடு காண்பது வெறும் சடங்காகிவிடுகிறது. தவறு நேர்ந்தாலும் காட்டிக்கொடுக்க எதுவுமில்லை.

பாகையில் எழுதவே கூடாதா என்று ஒருவன் கேட்டான். எழுதலாம். ஆனால் வகைக்கெழு மாறிவிடும். எக்ஸ் பாகை என்பது பை எக்ஸ்/180 ரேடியன். சங்கிலி விதிப்படி வகையிட்டால் வெளியே ஒரு பை/180 வந்து நிற்கும். எனவே 60 பாகையில் சாய்வு 1/2 அல்ல. பை/360, அதாவது சுமார் 0.0087. பாகையில் அளந்தால் கிடை அச்சு மிக நீளமாகிவிடுகிறது. 90 அலகு நடந்தால்தான் உயரம் ஒன்றை எட்டுகிறது. அவ்வளவு நீண்ட பாதையில் ஏற்றம் மிக மெதுவாகத்தானே இருக்கும்? பிள்ளைகள் செய்த தவறு, சாய்வை ரேடியனில் எடுத்துக்கொண்டு தொலைவைப் பாகையில் அளந்ததுதான். மைல் கணக்கில் வேகத்தையும் கிலோமீட்டர் கணக்கில் தூரத்தையும் எடுத்துக்கொண்டு நேரம் கணக்கிடுவதைப் போல.

இதைப் புரியவைக்க ஒரு டப்பா மூடியும் நூலும் போதும். ஏழாம் வகுப்பில் வட்டத்தின் சுற்றளவை நூலால் அளக்கும் செயல்பாட்டை நாம் எல்லோரும் செய்கிறோம். அதையே கொஞ்சம் நீட்டினால் சைன் வளைவரை வந்துவிடும். 5 செ.மீ. ஆரமுள்ள மூடியை எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது அட்டையில் வெட்டிக்கொள்ளுங்கள். கோணமானியால் 30 பாகைக்கு ஒரு குறி இடுங்கள். விளிம்பில் நூலை ஒட்டவைத்து, அந்தக் குறிகளை நூலிலும் இடுங்கள். நூலைப் பிரித்து வரைபடத்தாளின் கிடை அச்சில் நீட்டினால் குறிகள் சுமார் 2.6 செ.மீ. இடைவெளியில் விழும். ஒவ்வொரு குறிக்கும் நேராக, வட்டத்தில் அந்தப் புள்ளி விட்டத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அந்த உயரத்தை அதே அளவுகோலால் அளந்து குறிக்க வேண்டும். 30-க்கு 2.5 செ.மீ., 60-க்கு 4.3 செ.மீ., 90-க்கு 5 செ.மீ. புள்ளிகளை இணைத்தால் சைன் வளைவரை.

இங்கே வில்லின் நீளத்தையும் உயரத்தையும் ஒரே அளவுகோலால் அளந்தோம் என்பதுதான் முக்கியம். ரேடியன் என்பதன் பொருளும் அதுதான்: ஆரத்தையே அளவுகோலாகக் கொண்டு வில்லை அளப்பது. இந்தப் படத்தில் ஆதிப்புள்ளியில் அளவுகோலை வைத்தால் தொடுகோடு சரியாக 45 பாகை சாய்ந்து நிற்கும், 1 செ.மீ. வலப்பக்கம், 1 செ.மீ. மேலே. 60 பாகைக் குறிக்கு மேலுள்ள புள்ளியில் வைத்தால் 2 செ.மீ. வலப்பக்கத்துக்கு 1 செ.மீ. மேலே. சாய்வு 1/2 என்பதை விரலால் தொட்டுக் காட்டலாம். அந்தக் கோட்டை இடப்பக்கம் நீட்டினால் நிலைக்குத்து அச்சை 1.7 செ.மீ. உயரத்தில் வெட்டும். சமன்பாட்டில் எக்ஸ்-க்குப் பூச்சியம் போட்டுப் பாருங்கள்: 0.866 − 0.524 = 0.342. ஓர் அலகுக்கு 5 செ.மீ. என்பதால் 1.71 செ.மீ. சமன்பாடும் படமும் ஒன்றையொன்று உறுதிசெய்வதைப் பார்க்கும்போது பிள்ளைகள் முகத்தில் வரும் தெளிவு வேறு.

வரைபடத்தாளில் நாம் வழக்கமாக 30 பாகைக்கு 1 செ.மீ., உயரம் ஓர் அலகுக்கு 1 செ.மீ. என்று வரைகிறோமே, அதில் இது நடக்காது. ஆதிப்புள்ளியில் கோடு 28 பாகைக்கும் குறைவாகத்தான் சாய்ந்து தெரியும். வளைவரையின் வடிவத்தைக் காட்ட அந்த அளவுத்திட்டம் போதும். தொடுகோட்டின் சாய்வைக் காட்டப் போதாது. நானே பல ஆண்டுகள் அப்படித்தான் வரைந்து, "படம் தோராயமானது" என்று சமாளித்திருக்கிறேன்.

ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு எடுக்கும் ஆசிரியர்கள் இதைப் படித்துவிட்டு, வகைக்கெழு நம் பாடமல்ல என்று பக்கத்தைப் புரட்ட வேண்டாம். இந்தத் தொடுகோடு ஒன்பதாம் வகுப்பிலேயே இருக்கிறது. முக்கோணவியல் அட்டவணையில் வலப்பக்க ஓரத்தில் 'சராசரி வித்தியாசம்' என்று ஐந்து சிறு நிரல்கள் இருக்கின்றன அல்லவா? பட்டதாரி ஆசிரியராக இருந்த நாளெல்லாம் நான் அதை "பார், எடு, கூட்டு" என்றே சொல்லிக்கொடுத்தேன். ஏன் கூட்டுகிறோம் என்று எந்தப் பிள்ளையும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. மேல்நிலை வகுப்புக்கு வந்த பிறகுதான் அந்த நிரல்கள் என்னவென்று உறைத்தது.

சைன் அட்டவணையில் 0 பாகை வரிசையைப் பாருங்கள். சராசரி வித்தியாசம் 3, 6, 9, 12, 15. அதாவது 5 நிமிடத்துக்கு 0.0015 கூடுகிறது. 60 பாகை வரிசைக்கு வாருங்கள்: 1, 3, 4, 6, 7. 5 நிமிடத்துக்கு 0.0007. ஏறத்தாழப் பாதி. 60 பாகையில் தொடுகோட்டின் சாய்வு, ஆதிப்புள்ளியில் உள்ள சாய்வில் பாதி என்பதைத்தான் அட்டவணை தன் மொழியில் சொல்கிறது. 89 பாகைக்குப் போனால் அந்த நிரல்களில் பூச்சியங்கள். வளைவரை உச்சியில் தட்டையாகிவிட்டது. சைன் 60 பாகை 4 நிமிடம் காண 0.8660-உடன் 6-ஐக் கூட்டி 0.8666 என்று எழுதும் ஒன்பதாம் வகுப்பு மாணவன், தனக்குத் தெரியாமலேயே வளைவரையை விட்டுவிட்டுத் தொடுகோட்டின் மேல் நான்கு நிமிடம் நடந்திருக்கிறான். கொசைன் அட்டவணையில் மட்டும் ஏன் கழிக்க வேண்டும் என்பதற்கும் விடை இதுவே: அங்கே கோடு கீழ்நோக்கிச் சாய்கிறது. 'கொசைனுக்குக் கழி' என்று மனப்பாடம் செய்யவைப்பதற்கு முன், 0, 30, 60, 90 வரிசைகளின் வித்தியாசங்களை ஒப்பிடச் சொல்லிப் பாருங்கள். "ஏன் சார் குறைஞ்சுக்கிட்டே வருது?" என்ற கேள்வி ஒன்பதாம் வகுப்பில் எழுந்துவிட்டால் மேல்நிலை ஆசிரியரின் வேலை பாதி முடிந்தது.

இதைவிடப் பழைய அட்டவணை ஒன்று நம்மிடம் இருக்கிறது. 499-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஆரியபட்டீயத்தில் ஆரியபட்டர் சைன் மதிப்புகளைத் தரவில்லை; அவற்றின் அடுத்தடுத்த வித்தியாசங்களை, 24 எண்களாக, ஒரே செய்யுளில் தருகிறார். 225, 224, 222, 219, 215, 210, 205, 199, 191, 183, 174, 164, 154, 143, 131, 119, 106, 93, 79, 65, 51, 37, 22, 7. கால்வட்டத்தை 24 சம பாகமாக்கினால் ஒவ்வொன்றும் 3 பாகை 45 நிமிடம், அதாவது 225 நிமிடம். இந்த எண்கள் வில்லின் நாணில் பாதியை, அரைநாணை, குறிப்பவை. எல்லாவற்றையும் கூட்டினால் 3438. அதுவே அவர் வட்டத்தின் ஆரம். வட்டத்தின் சுற்றளவு 21,600 நிமிடம். அதை இரண்டு பையால் வகுத்தால் 3438 வருகிறது. வில்லை அளந்த அதே நிமிடத்தாலேயே ஆரத்தையும் நாணையும் அவர் அளந்திருக்கிறார். டப்பா மூடியில் நாம் செய்ததும் இதுதான்.

அதனால்தான் முதல் எண் 225. வில் 225 நகர்ந்தால் உயரமும் 225: ஆதிப்புள்ளியில் சாய்வு 1.

இப்போது 60 பாகைக்கு வருவோம். அது 16-ஆவது படி. அதை எட்டும் முன் ஏறியது 119. தாண்டிய பின் ஏறுவது 106. இரண்டின் சராசரி 112.5. ஒரு படியின் அகலமான 225-ஆல் வகுத்தால் சரியாக 1/2. வகைக்கெழுவின் சூத்திரம் எதுவும் இல்லாமல் காஸ் 60 பாகை வந்து நிற்கிறது. 30 பாகை 8-ஆவது படி: 199, 191. சராசரி 195, 225-ஆல் வகுத்தால் 0.867. காஸ் 30 பாகை 0.866. 45 பாகையில் 164, 154, சராசரி 159, கிடைப்பது 0.707. உச்சியில் கடைசியாக ஏறியது 7, அடுத்து இறங்குவதும் 7, சராசரி பூச்சியம். பதினொன்றாம் வகுப்பில் சைனின் வகைக்கெழு காஸ் என்று எல்லை மதிப்பால் நிறுவுவதற்கு முதல் நாள், இந்த 24 எண்களைக் கரும்பலகையில் எழுதி, வரிசைக்கு ஒரு கோணம் என்று பிரித்துக் கொடுக்கிறேன். முடிவைப் பிள்ளைகளே சொல்லிவிடுகிறார்கள். மறுநாள் நிரூபணம் அவர்களுடைய ஐயத்துக்கு விடையாக அமைகிறது. 1150-இல் சித்தாந்த சிரோமணி எழுதிய இரண்டாம் பாஸ்கரர், ஒரு கணத்தில் கோளின் நகர்வைக் கணிக்க, சைனின் வித்தியாசம் கொசைனுக்கு ஏற்ப அமைவதைப் பயன்படுத்தியிருக்கிறார் என்பதையும் அந்த வகுப்பில் சொல்லலாம்.

இன்னொரு சிக்கல் பத்தாம் வகுப்பிலிருந்து வருவது. வட்டத்தின் தொடுகோடு வட்டத்தை ஒரே ஒரு புள்ளியில் தொடும், வெட்டாது. வட்டத்துக்கு அது முற்றிலும் சரி. சைன் வளைவரைக்கு அந்த இலக்கணத்தைக் கொண்டுவந்தால் உடைந்துவிடுகிறது. ஆதிப்புள்ளியில் தொடுகோடு ஒய் = எக்ஸ். அது தொடும் இடத்திலேயே வளைவரையைக் கடந்து மறுபக்கம் போகிறது. அது வளைவு மாற்றப் புள்ளி. பை/2-இல் தொடுகோடு ஒய் = 1; அது ஒவ்வோர் உச்சியையும், எண்ணிலடங்கா இடங்களில், தொடுகிறது. நம் பை/3 கோட்டையே இடப்பக்கம் நீட்டினால் −129 பாகைக்கு அருகில் வளைவரையை வெட்டுகிறது. கணினி ஆய்வகத்தில் ஜியோஜீப்ராவில் இதைக் காட்டியபோது, "அப்ப இது தொடுகோடே இல்லையே சார்" என்று ஒரு மாணவன் உறுதியாகச் சொன்னான். பத்தாம் வகுப்பில் அவன் நன்றாகப் படித்திருக்கிறான் என்று பொருள். அவனுக்கு, புள்ளியைச் சுற்றிப் பெரிதாக்கிக்கொண்டே போகச் சொன்னேன். பெரிதாக்கப் பெரிதாக்க வளைவரையும் கோடும் ஒன்றாகிவிட்டன. ஒரு புள்ளி மட்டுமா, வெட்டுகிறதா என்பதெல்லாம் தொலைவில் நடப்பவை. தொடுகோட்டைத் தீர்மானிப்பது தொடும் இடத்தின் அண்மை மட்டுமே. பத்தாம் வகுப்பில் தொடுகோட்டை அறிமுகப்படுத்தும்போது "வட்டத்துக்கு" என்ற ஒரு சொல்லை அழுத்திச் சொன்னால் போதும்.

மற்றத் தவறுகளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். சிலர் சாய்வின் இடத்தில் காஸ் எக்ஸ்-ஐ அப்படியே விட்டு, ஒய் − √3/2 = காஸ் எக்ஸ் (எக்ஸ் − பை/3) என்று முடித்துவிடுவார்கள். அது கோடே அல்ல. "இதை வரைந்தால் நேராக வருமா?" என்று கேட்டால் போதும். ஒய் = 2 சைன் 3 எக்ஸ் போன்றவற்றில் 3-ஐ வெளியே கொண்டுவர மறப்பதையும் பக்கத்து மதிப்புச் சோதனை காட்டிக்கொடுத்துவிடும். ஒய் = டேன் எக்ஸ்-க்கு பை/4-இல் சாய்வு 2; எனவே டேன் 46 பாகை சுமார் 1 + 2 × 0.01745 = 1.0349. அட்டவணையில் 1.0355. சைனுக்குக் கோடு வளைவரைக்கு மேலே இருந்தது, இங்கே கீழே இருக்கிறது. ஏன் என்று கேளுங்கள். டேனுக்கும் தொடுகோட்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே பெயர் என்பதால் ஆங்கில வழிப் பிள்ளைகள் சற்றுக் குழம்புவதுண்டு. ஓரலகு வட்டத்தின் தொடுகோட்டில் வெட்டப்படும் நீளமே டேன் மதிப்பு என்று ஒரு படம் போட்டால் தீரும். தமிழ் வழிப் பிள்ளைகளுக்கு இந்தத் தொல்லை இல்லை.

மதிப்பெண் விஷயத்தில் என் நிலை மாறிவிட்டது. 60 என்று எழுதியவருக்கு வழிமுறைக்கான மதிப்பெண் உண்டு, விடைக்குக் கிடையாது. அரை மதிப்பெண் மட்டும் குறைத்துவிட்டால் அது சிறு பிழை என்று நாமே சொல்லிக்கொடுத்ததாகிவிடும். எக்ஸ் = 60 ரேடியனில் சைன் வளைவரையின் உயரம் −0.30. 0.866 உயரத்தில் நிற்கும் அவர்களுடைய கோடு அந்த இடத்தில் வளைவரையைத் தொடவே இல்லை.

தாளில் 60-ஐ அடித்த அந்த மாணவி அடுத்த வாரம் ஒரு சிறு பட்டியலோடு வந்தாள். தொடுகோட்டில் 61, 65, 70 பாகைகளுக்கு மதிப்பு கண்டு, அட்டவணையோடு ஒப்பிட்டிருந்தாள். 61-க்கு வேறுபாடு 0.0001 சொச்சம்; 65-க்கு 0.0034, 70-க்கு 0.0136. "அஞ்சு மடங்கு தள்ளிப் போனா தப்பு இருபத்தஞ்சு மடங்கு ஆகுது, பத்து மடங்குன்னா நூறு மடங்கு. இது எப்படி சார்?" என்றாள். ஆரியபட்டரின் எண்களைத் திரும்ப எடுத்து, 119-க்கும் 106-க்கும் இடையே குறைந்த 13-ஐச் சுட்டிக்காட்டினேன். தொடுகோடு அதே சாய்வில் ஏறிக்கொண்டே போகிறது. வளைவரையோ ஒவ்வொரு படியிலும் இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வருகிறது. குறைவுகள் சேர்ந்துகொண்டே போகின்றன. அந்த 13-ஐ வைத்துக்கொண்டு இரண்டாம் வகைக்கெழுவைத் தொடங்கினோம்.